உளவாளி உள்ளான்

நீண்டகாலச் சூழலியல் ஆய்வு என்று இன்றைக்கு உலகம் முழுக்கச் சங்கம் வைத்து, மாநாடு போட்டு, கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு செய்கிறார்களே, அந்தக் காரியத்தை ஆயிரம் வருஷத்துக்கு முன்பே செய்தவர்கள் நாங்கள்தான் என்று தஞ்சாவூர்க்காரர்கள் இதுவரை உரிமை கொண்டாடவில்லை. பெருந்தன்மை என்று நினைத்துவிட வேண்டாம். மறந்துபோயிருப்பார்கள். யாராவது ஞாபகப்படுத்தினால் நாளைக்கே பழைய பேருந்து நிலையத்தில் பிளெக்ஸ் போர்டு ஏறிவிடும்.

பெரிய கோயில் சுவரைப் படித்துப் பாருங்கள். கோயிலில் ஆடவந்த 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர். எந்தக் கோயிலிலிருந்து வந்தவர், எந்தத் தெரு, தெருவில் எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு. ஆளுக்கு வருஷம் 100 கலம் நெல். இவ்வளவு சுத்தமான முகவரி இன்றைய வாக்காளர் பட்டியலில்கூடக் கிடையாது. விளக்குக்கு நெய் வேண்டும். ஒரு விளக்குக்கு 96 ஆடு, நாளொன்றுக்கு உழக்கு நெய். அந்த ஆட்டுக்குக் கல்வெட்டு கொடுத்த பட்டம் ‘சாவா மூவாப் பேராடு’. சாகாது, கிழடும் தட்டாது. நிஜ ஆடு சாகத்தான் சாகும். அது இடையன் பாடு. கணக்கில் 96 என்றால் சந்திர சூரியர் உள்ளவரை 96. ஆண்டறிக்கை எழுத உட்காரும் எந்த ஆய்வாளரும் ஏங்கக்கூடிய எண் இது.

ராஜராஜன் ஆட்டை எண்ணியது ஆட்டின் மேல் பிரியம் பொங்கி அல்ல. நெய் குறையக் கூடாது, அவ்வளவுதான். இந்தக் கதையில் வரப்போகிற எல்லாக் கணக்குக்கும் பின்னால் யாரோ ஒருவருடைய நெய் இருக்கிறது. கணக்கைப் பார்க்கும்போது நெய் யாருடையது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்த வம்சக் குணம் டெல்டாவில் இன்னும் போகவில்லை. மேட்டூர் அணை 1934-ல் வந்ததிலிருந்து காலையில் காபிக்கு முன்னால் நீர்மட்டம் படிக்கிற ஜனம் இது. முழு நீர்மட்டம் 120 அடி, ஜூன் 12 திறப்பு என்பதெல்லாம் பிள்ளைகளுக்கு வாய்ப்பாட்டோடு சேர்ந்தே வந்துவிடும். “எத்தினி அடிங்க மாமா?” என்று கேட்டால், எந்த அணை, என்ன அடி என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை. இப்படி ஆட்டுக்கும் தண்ணீருக்கும் நெல்லுக்கும் கணக்கு வைத்த ஊரில், வருஷா வருஷம் ஐப்பசி மழையோடு வந்து இறங்கும் பறவைகளுக்கு மட்டும் கணக்கு இல்லை. அவற்றின் கணக்கு பெரும்பாலும் குழம்புச் சட்டியில் முடிந்தது.

இறங்குகிற இடம் கோடியக்கரை. காவிரி டெல்டாவின் தென்கிழக்கு மூலை. அதற்குமேல் போனால் கடல். சரித்திரத்தில் இங்கே வந்தவர்கள் எல்லோரும் வேறெங்கோ பார்ப்பதற்காகவே வந்தார்கள். ராமர் இங்கே நின்று இலங்கையைப் பார்த்தார் என்று மேட்டில் பாதம் வைத்துக் கும்பிடுகிறார்கள். சோழர்கள் ஈழத்தைப் பார்த்தார்கள். கல்கியின் பூங்குழலி படகில் ஏறிக் கடலைப் பார்த்தாள். 1930-ல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து பக்கத்து வேதாரண்யத்துக்கு வந்தார். அவர் மட்டும் குனிந்து உப்பைப் பார்த்தார், உடனே பிடித்து உள்ளே வைத்துவிட்டார்கள். அந்த உப்பளச் சேற்றில் என்ன மேய்கிறது என்று குனிந்து பார்க்க, கர்நாடகத்தில் குரங்குகள் சாக வேண்டியிருந்தது.

சம்பந்தம் இல்லையே என்கிறீர்களா? சர்வதேச அறிவியலில் சம்பந்தம் இப்படித்தான் கலந்துகொள்ளும்.

1957. ஷிமோகா மாவட்டத்தில் கியாசனூர் காடு. குரங்குகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. பின்னாலேயே மனிதர்களுக்கும் காய்ச்சல். பூனாவில் இருந்த வைரஸ் ஆய்வு மையம் கிருமியைப் பிடித்துப் பார்த்தது. உண்ணியால் பரவுகிற கிருமி. அதன் நெருங்கிய பங்காளிகள் ரஷ்யாவிலும் சைபீரியாவிலும் இருந்தார்கள். சைபீரியக் கிருமிக்கு ஷிமோகாவில் என்ன வேலை? பாஸ்போர்ட் இல்லாமல் அங்கிருந்து இங்கே வருகிறவர் யார்? எல்லா விரலும் வானத்தைக் காட்டின. வலசைப் பறவைதான் உண்ணியைச் சிறகுக்குள் செருகிக் கொண்டுவந்திருக்க வேண்டும் என்று குற்றப்பத்திரிகை தயாரானது.

பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தில் அப்போது சாலிம் அலி. பறவைகளுக்கு வளையம் மாட்டி, எது எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும் என்பது அவருக்கு நெடுநாள் ஆசை. ஆசைக்குப் பணம் கொடுப்பார் இல்லை. உள்ளான் என்கிற கரைப்பறவை எங்கே போனால் நமக்கென்ன என்று உலகம் சும்மா இருந்தது. உள்ளானுக்கு உண்ணி இருக்கலாம் என்றதும் உலக சுகாதார நிறுவனம் பணப்பையைத் திறந்தது. சாலிம் அலி கெட்டிக்காரர். அவர்களுக்கு உண்ணி வேண்டும், எனக்குப் பறவை வேண்டும், இரண்டும் ஒரே இடத்தில்தானே இருக்கிறது என்று வாங்கிக்கொண்டார். வளையமிடும் முகாம்கள் கிளம்பின. கோடியக்கரையின் அருமை அவர் கண்ணில் பட்டது 1962-ல். அப்போது அது தஞ்சாவூர் ஜில்லா. நாகப்பட்டினம் தனியாகப் பிரிந்தது 1991-ல்தான்.

முகாமில் நடக்கிற வேலையைக் கிட்டப் போய்ப் பார்த்தால் சிரிப்பு வரும், கொஞ்சம் மரியாதையும் வரும். நிலா இல்லாத இரவு. சதுப்பில் மூங்கில் நட்டு, கண்ணுக்கே தெரியாத நைலான் வலை. விழுந்த பறவையை அவிழ்த்துத் துணிப்பையில் போட்டுக் கொட்டகைக்குக் கொண்டுவருவார்கள். பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் ஒருவர் பிடிப்பார், ஒருவர் எழுதுவார். கொசு உள்ளான் என்று ஒன்று. 23 கிராம் இருந்தால் ஆரோக்கியம். ஆர்க்டிக் ஓரத்துச் சைபீரியாவில் பொரிந்து, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து, வேதாரண்யம் சேற்றில் புழு பொறுக்க வருகிறது. அதன் காலில் அலுமினிய வளையம். வளையத்தில் ஓர் எண், பம்பாய்க்குத் தகவல் சொல்லச் சொல்லி ஓர் ஆங்கில வரி. பிறகு மூக்கு, கால், சிறகு என்று அளவு. அப்புறம் சிறகை விசிறிபோல விரித்து, பறக்கும் இறகு பத்துக்கும் ஒவ்வொன்றாக மதிப்பெண்: பழைய இறகுக்கு 0, புதிதாக முழுசாய் முளைத்ததற்கு 5. மொத்தம் 50-க்கு எத்தனை என்று நோட்டில் ஏறும். நள்ளிரவில் கொசுக்கடியில் உட்கார்ந்து கொசு உள்ளானுக்குப் பேப்பர் திருத்துகிற இந்த வேலைதான், முப்பது நாற்பது வருஷம் விடாமல் செய்தால் ‘நீண்டகால ஆய்வு’.

உண்ணியும் பிடித்தார்கள், ரத்தமும் எடுத்தார்கள். பறவைதான் கியாசனூர் கிருமியைச் சுமந்து வந்தது என்பது நிற்கவில்லை. குற்றவாளி விடுதலை. கூடவே பணமும் விடுதலை. குற்றம் இல்லை என்றால் விசாரணைக்கு எவன் காசு தருவான்?

தருவதற்கு ஒருவர் இருந்தார். 1963-லிருந்து அமெரிக்க ராணுவத்தின் மருத்துவ ஆராய்ச்சிப் பிரிவு பாங்காக்கில் உட்கார்ந்து ஒரு வலை விரித்திருந்தது. இந்த வலை நைலான் அல்ல. ஜப்பான், கொரியா, தைவான், பிலிப்பைன்ஸ், தாய்லாந்து, மலேசியா, இந்தோனேசியா என்று நாடு நாடாகப் பறவை பிடிக்கும் களங்களை இணைத்த வலை. பெயர் ‘வலசை உயிரின நோய்க்கூறு ஆய்வு’. எலியட் மெக்ளூர் என்ற பறவையியலர் நடத்தினார். எட்டு வருஷத்தில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட பறவைகளுக்கு வளையம் மாட்டினார்கள். ஆசியாவில் அதற்கு முன் அந்த அளவில் ஒருவரும் செய்யாத வேலை. வியட்நாமில் சிப்பாய்களுக்கு என்ன காய்ச்சல் வருமோ என்ற கவலை அவர்களுடைய நெய். பம்பாய்க் கழகமும் அதில் சேர்ந்தது. சாலிம் அலிக்கு இதுவும் பழைய சூத்திரம்தான்: அவர்களுக்குக் காய்ச்சல், எனக்குப் பறவை.

இடையில் 1967 வந்தது. தமிழ்நாட்டில் அரிசிப் பஞ்சம். ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்று சொல்லி அண்ணா ஆட்சிக்கு வந்தார். அந்த ஜூன் மாதம் கோடியக்கரை சரணாலயம் ஆனது. தமிழ்நாட்டின் நெற்களஞ்சியத்தில் மனிதன் படி அரிசிக்கு வரிசையில் நிற்க, உள்ளானுக்கு ஆயுள் பாதுகாப்பு! வேதாரண்யத்து டீக்கடைகளில் இது எப்படிப் பேசப்பட்டிருக்கும் என்று ஊகிக்கப் பெரிய கற்பனை தேவையில்லை.

அப்புறம் 1974. டெல்லியில் ஒரு செய்தி வெடித்தது. வெளிநாட்டுப் பணத்தில் இந்தியாவில் நடக்கிற சில ஆய்வுகள் கிருமி யுத்தத்துக்குத் தோதானவை என்று குற்றச்சாட்டு. ஒன்று கொசு ஆய்வு. இன்னொன்று பறவை ஆய்வு. எந்தப் பறவை எந்த மாதம் எந்த ஊரில் இறங்கும் என்று தெரிந்தால், அதன் மேல் கிருமியை ஏற்றி அனுப்பலாமே? நாடாளுமன்றம் கொதித்தது. பொதுக்கணக்குக் குழு எடுத்துத் துருவியது. 1975-ல் தனியாக ஒரு அறிக்கையே வந்தது. குழு பறவையைக் கூப்பிட்டு விசாரிக்கவில்லை. கூப்பிட்டிருந்தால் இப்படி நடந்திருக்கும்:

“பெயர்?”

“கொசு உள்ளானுங்க.”

“பிறந்த ஊர்?”

“சைபீரியா.”

“சோவியத்தா! இந்திய-சோவியத் நட்புறவு ஒப்பந்தம் போட்டு மூன்று வருஷம் ஆகிறது. தோழரே, உட்காருங்கள். காலில் என்ன?”

“வளையமுங்க. நம்பர் போட்டிருக்கு.”

“யார் காசில்?”

“அமெரிக்க ராணுவம்னு பேசிக்கிறாங்க.”

“எழுந்திரு! கோடியக்கரையில் உனக்கு என்ன வேலை?”

“சேத்துல புழு பொறுக்கினேனுங்க.”

“அந்தப் புழுவில் அமெரிக்க ராணுவத்துக்கு என்ன அக்கறை?”

“அதான் எனக்கும் புரியலைங்க. ஒரு தடவை ரத்தம் எடுத்தாங்க. ஏதும் கண்டுபிடிச்சா சொல்லி அனுப்புங்க.”

மாஸ்கோவில் பிறப்புச் சான்றிதழ், வாஷிங்டனில் சம்பளப் பட்டியல், சாப்பாடு வேதாரண்யத்தில். அணிசேரா நாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான பிரஜை கிடைத்திருக்க முடியாது. ஆனால் அன்றைக்கு அதை உளவாளி என்றார்கள்.

இதைப் படித்துவிட்டு நம் எம்.பி.க்களைக் கேலி செய்யக் கிளம்பினால் அதுவும் அநியாயம். சந்தேகத்துக்கு முகாந்திரம் இருந்தது. பசிபிக் தீவுகளில் ஸ்மித்சோனியன் நிறுவனம் 1960-களில் லட்சக்கணக்கில் கடற்பறவைகளுக்கு வளையம் போட்டது. பணம் கொடுத்தது ஃபோர்ட் டெட்ரிக்கில் இருந்த அமெரிக்க ராணுவத்தின் கிருமி ஆய்வுக்கூடம் என்று 1969-ல் அம்பலமானது. அந்த ஸ்மித்சோனியனின் தலைவர் டில்லன் ரிப்ளி. சாலிம் அலியோடு சேர்ந்து இந்திய, பாகிஸ்தான் பறவைகளைப் பற்றிப் பத்துத் தொகுதி எழுதியவர். இரண்டாம் உலகப்போரில் இலங்கையில் உட்கார்ந்து அமெரிக்க உளவுத்துறையான ஓ.எஸ்.எஸ்.ஸுக்கு வேலை பார்த்தவரும் அவரே. பறவை பார்க்கிறவன் கையில் எப்போதும் தொலைநோக்கியும் நோட்டும் இருக்கும். உளவாளி கையிலும் அதே இரண்டு சாமான்தான். டெல்லி என்னதான் செய்யும்?

கொசு ஆய்வு மூடப்பட்டது. பறவை ஆய்வுக்குப் பணம் நின்றது. நெய் நின்றால் விளக்கு நிற்கும். ராஜராஜன் சுவரில் எழுதிவைத்த சூழலியல் விதி இது ஒன்றே.

கொஞ்ச வருஷம் கழித்து, 1980-ல், கோடியக்கரையில் பம்பாய்க் கழகத்தின் களநிலையம் வந்தது. பறவை வலசைத் திட்டம் மறுபடி ஆரம்பம். இந்த முறை காசு யாருடையது என்றால், அமெரிக்க மீன் மற்றும் காட்டுயிர்த் துறை. அதே நாடு, சட்டைதான் வேறு. முதல் தடவை காக்கி, இந்தத் தடவை பச்சை. நாடாளுமன்றத்தில் இடி முழங்கவில்லை. களநிலையத்து இளைஞர்கள் வலை, பை, தராசு, நோட்டு எல்லாவற்றையும் தூசி தட்டி எடுத்துச் சேற்றில் இறங்கினார்கள்.

தற்செயல் என்னவென்றால், அதே 1980-ல்தான் அமெரிக்காவில் ஆறு களங்களை இணைத்து நீண்டகாலச் சூழலியல் ஆய்வு வலையமைப்பு பிறந்தது. காடு, புல்வெளி, ஏரி என்று ஒவ்வோர் இடத்தையும் தலைமுறை தலைமுறையாக உற்றுப் பார்ப்பது திட்டம். 1993-ல் அது சர்வதேசச் சங்கமாக விரிந்தது. நம்மூரில் 1988-லேயே முதுமலையில் ஆர். சுகுமாரும் இந்திய அறிவியல் கழகத்து ஆட்களும் 50 ஹெக்டேர் காட்டை அளந்து, 25,000-க்கு மேற்பட்ட மரஞ்செடிகளுக்கு நம்பர் போட்டுவிட்டார்கள். பனாமாவில் தொடங்கிய உலகக் காட்டுக்கள வரிசையில் அதுவும் சேர்ந்தது. நம்பர் போட்ட மரத்தை யானை முறித்துத் தின்றது, அதையும் எழுதிக்கொண்டார்கள். இந்திய அரசு 2015-ல் பாரிஸ் பருவநிலை மாநாட்டில் ‘நீண்டகாலச் சூழலியல் ஆய்வுக் களங்கள்’ என்று ஒரு திட்டத்தை அறிவித்தது. உலகமே கூடியிருக்கும் இடத்தில் அறிவித்தால்தான் நமக்கு ஒரு திருப்தி.

இந்தச் சங்கத்துக்கெல்லாம் குலதெய்வம் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட். 1843-லிருந்து ஒரே வயலில் கோதுமை போட்டு, எரு போட்ட பாத்தி, போடாத பாத்தி என்று இன்றுவரை எழுதுகிறார்கள். புனிதமான அறிவியல் தாகம் என்று கும்பிடுவதற்கு முன், ஆரம்பித்தவர் யார் என்று பார்த்துவிடுவது நல்லது. ஜான் பென்னட் லாஸ், சூப்பர் பாஸ்பேட் உர வியாபாரி. உரம் போட்டால் விளையும் என்று நிரூபித்தால் மூட்டை விற்கும். கணக்கு அதற்காகத் தொடங்கியது. 180 வருஷம் கழித்து அதே கணக்கை வைத்து மண்ணின் கரிமம், காற்றின் மாசு என்று லாஸ் கனவிலும் காணாத கேள்விகளுக்குப் பதில் தேடுகிறார்கள். காசு கொடுத்தவன் கேள்வி அவனோடு போய்விடும். நோட்டு தங்கிவிடும்.

கோடியக்கரை நோட்டிலும் இதுதான் நடந்தது. பறவை என்ன கிருமி கொண்டுவருகிறது என்று பார்க்கத்தான் ஆரம்பித்தார்கள். வருஷக் கணக்கில் ஏட்டைப் புரட்டியபோது தெரிந்தது, வருகிற பறவையே குறைந்துகொண்டு போகிறது. 1980-களில் வலையில் குவிந்த கொசு உள்ளான் போன்ற சிறு கரைப்பறவைகள் பிற்பாடு மளமளவென்று சரிந்தன. ஏன் என்று தேடினால் விடை சைபீரியாவில் மட்டும் இல்லை. பாமணியாறும் கோரையாறும் முத்துப்பேட்டைப் பக்கம் இறங்குகிற இந்தச் சதுப்புக்கு மேலிருந்து வரும் நல்ல தண்ணீர் சுருங்கியது. உப்பளங்கள் பெருகின, உப்பு ஏறிய நீரில் புழு பூச்சி மாறியது, இறால் பண்ணைகளும் கூடச் சேர்ந்தன. உள்ளானுக்குச் சேற்றின் உப்புதான் மெனு கார்டு. டெல்டாக்காரன் மேட்டூரில் எத்தனை அடி என்று கேட்பதைத்தான் 23 கிராம் பறவையும் தன் மூக்கால் சேற்றைக் குத்திக் கேட்கிறது.

ஆக, கிருமி கடத்தினாய் என்றும் உளவு பார்த்தாய் என்றும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட்ட ஜீவன், சத்தமில்லாமல் சாட்சிக் கூண்டுக்கு மாறிவிட்டது. குற்றவாளிக் கூண்டு காலியாக இருக்கக் கூடாது என்பதால் நாம் ஏறி நிற்கிறோம்.

இதற்குள் மரியாதையும் கூடியது. ராமர் வந்த இடத்துக்கு 2002-ல் ராம்சர் வந்தது: சர்வதேசச் சதுப்புநிலப் பட்டியலில் தமிழ்நாட்டிலிருந்து முதலில் ஏறிய இடம், 2022 வரை தமிழ்நாட்டுக்கு அது ஒன்றுதான். 2004 சுனாமி பழைய சோழர் கலங்கரை விளக்கத்தைச் சாய்த்தது. 2018 நவம்பரில் கஜா புயல் வந்து காட்டையே புரட்டிப் போட்டது. வெளிமானும் பறவையும் மடிந்தன. புயலுக்குப் பின் வந்து பார்த்தவர்கள் எல்லாம் “எவ்வளவு போச்சு?” என்று கேட்டார்கள். முன்னால் எவ்வளவு இருந்தது என்று எழுதிவைத்தவன் ஒருத்தனாவது இருந்தால்தான் அந்தக் கேள்விக்குப் பதில் உண்டு. இல்லாவிட்டால் உச்சுக்கொட்டல்தான் உண்டு.

2006-ல் மகாராஷ்டிரத்து நவாப்பூரில் கோழிகள் செத்தன. பறவைக் காய்ச்சல். எல்லா விரலும் மறுபடி வானத்தைக் காட்டின: வலசைப் பறவைதான் கொண்டுவந்திருக்கும்! ஐம்பது வருஷத்துக்கு முந்திய கியாசனூர் குற்றப்பத்திரிகையில் குரங்கை அடித்துக் கோழி என்று திருத்தினால் போதும், மற்றதெல்லாம் அப்படியே. உடனே கண்காணிப்பு, மாதிரி சேகரிப்பு, ஆய்வுக்கூடம், நிதி. பழி வந்தால்தான் பறவைக்குப் படி வரும் என்பது இரண்டாம் தடவையும் நிரூபணமானது.

ஆகவே கொசு உள்ளானின் நலம் விரும்பிகளுக்கு ஒரு யோசனை. மனு கொடுப்பது, கையெழுத்து வாங்குவது, பள்ளிப் பிள்ளைகளுக்குப் பறவை முகமூடி மாட்டி ஊர்வலம் விடுவது, இதெல்லாம் வீண் செலவு. டெல்லியில் யார் காதிலாவது மெல்லப் போட்டுவையுங்கள்: கோடியக்கரைச் சேற்றில் அந்தப் பறவை ராத்திரியெல்லாம் என்னவோ பொறுக்குகிறது, யாருக்கோ கொண்டுபோகிறது, யாருக்கென்றுதான் தெரியவில்லை. அடுத்த முப்பது வருஷத்துக்கு வலையும் தராசும் நோட்டும் தானாக வந்து சேரும்.